சத்தம் வரும் முன்பே கேட்க வேண்டும்: பழைய டீசல் வாகனமும் எஞ்சின் எண்ணெயும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கிரிக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டக் குத்தகையாளர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருப்பது இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு டீசல் ஃபோர்வீல். காலையில் ஆள்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குள் போவது அந்த வண்டிதான். உர மூட்டைகளைச் சுமப்பதும், மழைக்காலத்தில் சேற்றில் புதைந்த லோரியை இழுப்பதும் அதுதான். நள்ளிரவில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் மருத்துவமனைக்கு ஓடுவதும் அதே வண்டிதான். வண்டி பழையது, ஆனால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு அதன் மேல்தான் ஓடுகிறது.

ஒருநாள் சுமையோடு மேட்டில் ஏறும்போது அடியிலிருந்து கனமாக ஒரு தட்டல் கேட்கிறது. இறங்கிப் பார்ப்பதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிடுகிறது. பட்டறைக்கு இழுத்து வந்து, போமன் அடிப்பகுதியைக் கழற்றிப் பார்க்கிறார். உள்ளே பேரிங் ஒன்று உருகிப்போய் கிராங்க் ஷாஃப்டோடு ஒட்டிக் கிடக்கிறது.

"அண்ணே, என்ன எண்ணெய் ஊத்துனீங்க?"

"நல்ல கெட்டியான எண்ணெய்தான் தம்பி. வண்டி பழசாச்சே!"

"கடைசியா எப்ப மாத்துனீங்க?"

அதற்குப் பதில் இல்லை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். எந்த எண்ணெய் நல்லது, எந்த நிறுவனத்தின் எண்ணெய் உயர்ந்தது என்று கடையில் நின்று கேட்பவர்கள் பலர். அந்த எண்ணெய் எஞ்சினுக்குள் எதைக் காப்பாற்றுகிறது, அது காப்பாற்றப்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பவர்கள் குறைவு. இன்றைய உரை இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

முடியை விட மெல்லிய ஒரு படலம்

எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. அந்த அசைவைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். பிஸ்டனையும் கிராங்கையும் இணைப்பது கனெக்டிங் ராட். இந்த ராடின் பெரிய முனை கிராங்கைப் பற்றிக்கொள்ளும் இடத்தில் இரண்டு அரைவட்ட உலோகத் தகடுகள் இருக்கின்றன. அதைத்தான் பட்டறையில் 'பிக் எண்ட் பேரிங்' என்கிறார்கள். இதில் உருளும் குண்டுகள் எதுவும் இல்லை. வழவழப்பான தகடும், வழவழப்பான தண்டும், இடையில் எண்ணெயும் மட்டுமே உண்டு.

தகட்டுக்கும் தண்டுக்கும் இடையே விடப்படும் இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமனை ஒத்தது அது. எஞ்சின் ஓடும்போது பளுவைத் தாங்கும் பக்கத்தில் எண்ணெய்ப் படலம் அதைவிடவும் பல மடங்கு மெலிந்துவிடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் அளவை மைக்ரான் என்பார்கள். அந்தப் படலம் சில மைக்ரான்தான். அந்தப் படலம் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது.

இவ்வளவு மெல்லிய எண்ணெய் எப்படிப் பளுவைத் தாங்குகிறது? இதற்குப் பின்னால் ஒரு சுவையான வரலாறு உண்டு. 1880களில் பிரிட்டனில் பீச்சாம் டவர் என்ற பொறியாளர் ரயில் வண்டி அச்சுகளின் பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பேரிங்கின் உச்சியில் எண்ணெய் ஊற்றுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றபோது எண்ணெய் உள்ளே போகவில்லை; துளை வழியாக மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார். அதுவும் வெளியே வந்தது.

அச்சு சுழலும்போது அது எண்ணெயைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், குறுகலான இடுக்கில் ஆப்பு போலத் திணிக்கிறது என்பது அதிலிருந்து புரிந்தது. அப்படித் திணிக்கப்படும் எண்ணெயில் பெரும் அழுத்தம் பிறக்கிறது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித விளக்கம் தந்தார். இன்று ஓடும் எஞ்சின்களில் இத்தகைய பேரிங்குகள் அந்தக் கணக்கின்படிதான் வடிவமைக்கப்படுகின்றன.

நேயர்கள் இதிலிருந்து மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று. கிராங்கைத் தூக்கி நிறுத்துவது எண்ணெய்ப் பம்ப் அல்ல. பம்ப் எண்ணெயைக் கொண்டுவந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். தூக்கி நிறுத்துவது சுழற்சியும், எண்ணெயின் பிசுபிசுப்புத் தன்மையும். சுழற்சி இல்லாதபோது, அதாவது வண்டியை முடுக்கும் அந்த முதல் வினாடிகளில், தண்டு தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அப்போதும், எண்ணெய் தன் தரத்தை இழந்துவிட்டபோதும்தான் தேய்மானம் நடக்கிறது.

டீசல் எஞ்சினில் ஏன் கூடுதல் கவலை?

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசலில் தீப்பொறி இல்லை. காற்றை 18 முதல் 22 மடங்கு வரை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்கிறார்கள். ஆகவே பேரிங்கின் மேல் இறங்கும் அடி பலமானது.

ஒரு கணக்குப் பாருங்கள். 1990-இல் வந்த டொயோட்டா லேண்ட் குரூசர் 80 வரிசையின் 4.2 லிட்டர் டர்போ டீசல் எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 94 மில்லிமீட்டர். எரியும் கணத்தில் உள்ளே இருக்கும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப் போல் நூறு மடங்கு என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், பிஸ்டனின் தலையில் இறங்குவது ஏறக்குறைய 7 டன் பளு. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் வினாடிக்கு 25 முறை அந்த அடி விழுகிறது. அதைத் தாங்குவது மேலே சொன்ன முடியளவு இடைவெளியில் இருக்கும் எண்ணெய்.

இதனால்தான் பிக் எண்டில் மேல் பாதித் தகடு, அதாவது ராட் பக்கத்துத் தகடு, முதலில் தேய்கிறது. அடி இறங்குவது அந்தப் பக்கத்தில்தான்.

மேலே சொன்ன லேண்ட் குரூசர் எஞ்சின் இந்த விஷயத்தில் ஒரு பாடமாகவே ஆகிவிட்டது. 1எச்.டி.-டி என்பது அதன் குறியீடு. ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு. இழுவைக்கும் உறுதிக்கும் பேர்போனது. ஆனால் அதன் பிக் எண்ட் பேரிங்குகள் மற்றப் பாகங்களை விட முந்திக்கொண்டு தேய்கின்றன என்பது, அந்த வண்டிகளை அதிகம் பயன்படுத்தும் ஆஸ்திரேலியாவில் பரவலாகத் தெரிந்துபோனது. காரணம் தகட்டின் உலோகமா, எண்ணெயா, மாற்றும் இடைவெளியா என்று பல கருத்துகள் உண்டு. ஆனால் நடைமுறையில் அங்கே விவரம் தெரிந்த உரிமையாளர்கள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். 100,000 கிலோமீட்டரைத் தாண்டியதும், சத்தம் வருகிறதோ இல்லையோ, அடிப்பகுதியைக் கழற்றிப் பேரிங்கைப் பார்ப்பது, தேய்ந்திருந்தால் மாற்றுவது. வெளியே எந்தத் தட்டலும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின்களிலும் தகடு செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்ததைப் பார்த்ததுதான் இந்த வழக்கத்துக்குக் காரணம்.

எல்லா டீசல் எஞ்சின்களும் அப்படி என்று சொல்லிவிட முடியாது. அதே லேண்ட் குரூசரில் டர்போ இல்லாமல் வந்த 1எச்.இசட். எஞ்சின் நீண்ட ஆயுளுக்குப் பெயர் பெற்றது. நம் நாட்டுச் சாலைகளில் இன்னமும் தென்படும் பழைய பஜேரோ, ஹைலக்ஸ், ட்ரூப்பர், பெட்ரோல் போன்றவற்றுக்கு அவற்றுக்கே உரிய பலமும் பலவீனமும் உண்டு. ஆனால் இருபது முப்பது ஆண்டுகள் சுமை இழுத்த எந்த டீசல் எஞ்சினுக்கும் அந்த லேண்ட் குரூசரின் பாடம் பொருந்தும்.

பேரிங்கை அரிப்பவை எவை?

பேரிங் தகடு ஒரே உலோகத்தால் ஆனது அல்ல. முதுகுப் பக்கம் எஃகு. அதன் மேல் செம்பும் ஈயமும் கலந்த அடுக்கு, அல்லது அலுமினியமும் வெள்ளீயமும் கலந்த அடுக்கு. பழைய வகைகள் பலவற்றில் அதற்கும் மேல் ஈயம் கலந்த, மிக மெல்லிய, மென்மையான பூச்சு. எண்ணெயோடு வரும் சிறு தூசியைத் தனக்குள் புதைத்துக்கொண்டு கிராங்கைக் காப்பாற்றுவது அந்தப் பூச்சின் வேலை. அது தானே அழிந்து பிறரைக் காக்கும் பாகம். அதை அரிப்பவை ஐந்து.

முதலாவது புகைக்கரி. டீசல் எரியும்போது உண்டாகும் கரியில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் சேர்கிறது. எண்ணெய் மாற்றிய மறுநாளே கறுத்துவிடுவது இதனால்தான். கறுப்பு நிறம் கெட்டதற்கு அடையாளம் அல்ல. கரியை அடியில் படியவிடாமல் எண்ணெய் தன்னுள் தாங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். நம் நாட்டில் எஞ்சின் எண்ணெய்க்கு 'மினியாக் ஹித்தாம்' என்றே பெயர் வழங்குகிறது. ஆனால் தாங்கும் சக்திக்கு ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் கரித்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து எண்ணெயைக் குழம்பாக்கும், உலோகத்தைத் தேய்க்கும்.

இரண்டாவது அமிலம். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, நீரோடு சேர்ந்து அமிலமாகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பது பலரும் அறியாத உண்மை. பெரும்பகுதி புகைக்குழாய் வழியாக ஆவியாகப் போய்விடும். கொஞ்சம் எஞ்சினுக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அதுவும் ஆவியாகும். பக்கத்துக் கடைக்குப் போய்த் திரும்புவதற்கு மட்டுமே வண்டி எடுப்பவர்களுக்கு அது ஆவியாவதில்லை. பேரிங்கில் உள்ள ஈயத்தை அமிலம் எளிதில் அரித்துவிடும். அமிலத்தை முறிக்கும் காரப் பொருள்கள் எண்ணெயில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவை செலவாகிக்கொண்டே வரும், ஒருநாள் தீர்ந்துபோகும்.

மூன்றாவது தூசி. காற்று வடிகட்டியின் ரப்பர் குழாயில் ஒரு சிறு வெடிப்பு போதும். செம்மண் சாலையில் ஓடும் வண்டியின் எஞ்சினுக்குள் மணல் துகள் போய்விடும். அதை எந்த எண்ணெயும் தடுக்க முடியாது.

நான்காவது, எண்ணெயில் டீசலோ தண்ணீரோ கலப்பது. இன்ஜெக்டர் கசிந்தால் எண்ணெய் நீர்த்துப்போகும். எண்ணெய் அளவுகோலில் அளவு ஏறிக்கொண்டே போனால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். எங்கிருந்தோ ஏதோ கலக்கிறது என்று பொருள். நம் நாட்டில் 2019 முதல் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பயோடீசல் எண்ணெயில் கலந்துவிட்டால் சாதாரண டீசலைப் போல் எளிதில் ஆவியாகாது. ஆகவே இன்ஜெக்டர் பழுதை ஒத்திப்போடுவது முன்னைவிட இப்போது ஆபத்தானது. எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஆற்றைக் கடந்து வந்த வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, ஓட்டும் முறை. உயர்ந்த கியரில் போட்டுக்கொண்டு, எஞ்சின் முனகுகிற அளவுக்குக் குறைந்த சுற்றில், சுமையோடு மேட்டில் ஏற்றுவது டீசல் மிச்சப்படுத்தும் என்று நம்புபவர்கள் பலர். மிச்சமாவது சில காசு. அப்போது சுழற்சி குறைவு, அடி அதிகம். எண்ணெய்ப் படலம் மிக மெலிந்துபோகும் நேரம் அதுதான். ஒரு கியர் இறக்கிப் போட்டால் பேரிங் பிழைத்துக்கொள்ளும்.

எந்த எண்ணெய்?

இனி, கடையில் நிற்கும்போது பார்க்க வேண்டியவற்றுக்கு வருவோம். எண்ணெய்க் கொள்கலத்தின் மேல் இரண்டு குறிப்புகள் இருக்கும். ஒன்று கெட்டித் தன்மை. மற்றொன்று தரம்.

15டபிள்யூ-40 என்று போட்டிருப்பது கெட்டித் தன்மை. 'டபிள்யூ'வுக்கு முன்னால் இருக்கும் எண் குளிர்காலத்தில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதைக் காட்டுகிறது. பின்னால் இருக்கும் எண், 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித் தன்மையைக் காட்டுகிறது. பனி பெய்யும் நாடுகளில் முன் எண் முக்கியம். நம் நாட்டில் கேமரன் மலையின் விடியற்காலைக் குளிருக்கும் 15 என்ற எண் தாராளமாகப் போதும். ஆகவே பழைய ஜப்பானிய டீசல் ஃபோர்வீல்களுக்கு 15டபிள்யூ-40 பொருத்தமான, எளிதில் கிடைக்கும் தேர்வு. வண்டியோடு வந்த கையேடு வேறு சொன்னால் கையேட்டைப் பின்பற்ற வேண்டும்.

'வண்டி பழசு, அதனால் 20டபிள்யூ-50 ஊற்றுகிறேன், அதற்கும் மேலே கெட்டியாக்கும் மருந்தும் ஊற்றுகிறேன்' என்பவர்கள் உண்டு. கெட்டியான எண்ணெய் சூடான நேரத்தில் தடிமனான படலம் தரும் என்பது உண்மை. சுமை அதிகம் இழுக்கும் வண்டிக்கு, கையேடு அனுமதித்தால், அதில் தவறில்லை. ஆனால் காலையில் முடுக்கும்போது அது பேரிங் வரை போய்ச்சேர நேரமாகும். குறுகிய இடைவெளியில் அதன் ஓட்டம் குறையும். ஓட்டம் குறைந்தால் சூட்டை வெளியே கொண்டுபோவதும் குறையும். அழுத்தமானி முள் உயர்ந்து நிற்பதைப் பார்த்து எஞ்சின் நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. குழாயின் வாயை விரலால் அழுத்தினாலும் அழுத்தம் ஏறும், தண்ணீர்தான் குறையும்.

மறுபுறம், எரிபொருள் சிக்கனத்துக்காக வந்திருக்கும் மெல்லிய எண்ணெய்கள் புதிய எஞ்சின்களுக்காகச் செய்யப்பட்டவை. 0டபிள்யூ-20 போன்றவற்றைப் பழைய டீசல் எஞ்சினில் ஊற்றுவது பேரிங்குக்கு நாமே குழி வெட்டுவது போல.

அடுத்தது தரம். ஏ.பி.ஐ. என்ற அமெரிக்க அமைப்பின் குறியீட்டில் 'எஸ்' என்று தொடங்குபவை பெட்ரோல் எஞ்சினுக்கு. 'சி' என்று தொடங்குபவை டீசல் எஞ்சினுக்கு. சி.எஃப்.-4 தரம் 1990-இல் வந்தது. சி.எச்.-4 1998-இல், சி.ஐ.-4 2002-இல், சி.ஜே.-4 2006-இல், சி.கே.-4 2016-இல் வந்தன. பின்னால் வந்தவை கரியைத் தாங்குவதில் தேர்ந்தவை. 1990களின் எஞ்சினுக்குச் சி.ஐ.-4 அல்லது சி.கே.-4 ஊற்றுவதில் தடை இல்லை. ஆனால் 2016-இல் சி.கே.-4 உடன் சேர்ந்து வந்த எஃப்.ஏ.-4 என்ற தரம் வேறு. அது மெல்லிய எண்ணெய். பழைய எஞ்சினுக்கு ஆகாது. ஜப்பானியத் தரமான ஜாசோ டி.எச்.-1 என்று போட்டிருந்தால், அது ஜப்பானிய டீசல் எஞ்சின்களின் அமைப்பை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது என்பதால் இன்னும் நல்லது.

சி.ஜே.-4, சி.கே.-4 எண்ணெய்களில் சாம்பல் அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு. புதிய வண்டிகளின் புகை வடிகட்டி அடைபடாமல் இருக்க அந்த ஏற்பாடு. பழைய வண்டியில் அந்த வடிகட்டியே இல்லை. அதனால் சி.ஐ.-4 போன்ற, அமில முறிவுச் சக்தி கூடுதலாக உள்ள எண்ணெய் பழைய எஞ்சினுக்கு இன்றும் நல்ல தேர்வு. 2021-இல் யூரோ 5 டீசல் வந்த பிறகு கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்துவிட்டது. அதற்கு முன்பு யூரோ 2எம் டீசலில் அது 500 பங்கு வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. ஆகவே அமிலத் தொல்லை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. ஆனால் கரியும் தூசியும் குறையவில்லை.

செயற்கை எண்ணெயா, கனிம எண்ணெயா? செயற்கை எண்ணெய் சூட்டைத் தாங்கும். நெடுநாள் கெடாமல் இருக்கும். ஆனால் அதை ஊற்றிவிட்டு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால், கரி சேர்வது நிற்கப்போவதில்லை. பழைய டீசல் எஞ்சினுக்கு, நடுத்தர விலையில் தரமான எண்ணெயை வாங்கி 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வடிகட்டியோடு சேர்த்து மாற்றுவது, விலை உயர்ந்த எண்ணெயை ஊற்றி மறந்துவிடுவதைவிடப் பல மடங்கு மேல். குறைவாக ஓடும் வண்டியாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வாங்கும் இடத்திலும் கவனம் தேவை. போலி எஞ்சின் எண்ணெய் நம் நாட்டுச் சந்தையில் புதிய செய்தி அல்ல. பழைய கொள்கலத்தில் மட்டமான எண்ணெயை அடைத்து விற்பது அதில் ஒரு வழி. முத்திரையைப் பார்த்து, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். காலியான கொள்கலத்தைத் துளையிட்டு எறியுங்கள். கழிவு எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி அது எஸ்.டபிள்யூ. 305 என்று பட்டியலிடப்பட்ட கழிவு. பட்டறையில் சேர்த்துவிடுவதே முறை.

எப்படித் தெரிந்துகொள்வது?

நல்ல எண்ணெய் ஊற்றுகிறோம், வேளாவேளைக்கு மாற்றுகிறோம், இனி கவலை இல்லை என்று இருந்துவிட முடியாது. முந்தைய உரிமையாளர்கள் எப்படி வைத்திருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. எண்ணெய் மேலும் தேயாமல் காக்கும், தேய்ந்ததை வளர்க்காது.

டாஷ்போர்டில் உள்ள சிவப்பு எண்ணெய் விளக்கை நம்பி இருப்பவர்கள் பலர். பெரும்பாலான வண்டிகளில் அந்த விளக்கு, அழுத்தம் ஏறக்குறைய இல்லாமலே போன பிறகுதான் எரியும். அது எச்சரிக்கை அல்ல, இரங்கல் செய்தி. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, பட்டறையில் தனி அழுத்தமானியைப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணை எழுதி வையுங்கள். சென்ற ஆண்டைவிட இறங்கியிருக்கிறதா என்பதே முக்கியம்.

இரண்டாவது வழி, எண்ணெய்ப் பரிசோதனை. எண்ணெய் மாற்றும்போது சிறு புட்டியில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். கனரக இயந்திரங்கள் வைத்திருப்பவர்கள் இதை நெடுநாளாகச் செய்கிறார்கள். ஈயம், செம்பு, வெள்ளீயம் ஏறினால் பேரிங். இரும்பு ஏறினால் சிலிண்டர், கிராங்க். சிலிக்கான் ஏறினால் தூசி. சோடியம், பொட்டாசியம் ஏறினால் ரேடியேட்டர் நீர் கலக்கிறது. ஒரே ஒரு முடிவைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. இரண்டு மூன்று முறை எடுத்து ஒப்பிட வேண்டும்.

செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. வடிகட்டியை மாற்றும்போது பழையதை அறுத்து, உள்ளே இருக்கும் தாளை விரித்து வெயிலில் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் அடுத்த வேலையைத் தொடங்க வேண்டிய நேரம்.

அந்த அடுத்த வேலைதான் மூன்றாவது வழி. அடிப்பகுதியைக் கழற்றிப் பார்ப்பது. பல எஞ்சின்களில் இதற்காக எஞ்சினை வண்டியிலிருந்து இறக்க வேண்டியதில்லை. எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, பிக் எண்ட் மூடிகளை ஒவ்வொன்றாக இறக்கி, மேல் பாதித் தகட்டைப் பார்க்கலாம். சாம்பல் நிறமாக, சீராக இருந்தால் நலம். செம்பு நிறம் எட்டிப்பார்த்தால் மாற்ற வேண்டும். பிளாஸ்டிகேஜ் என்ற மென்மையான நூலை இடையில் வைத்து இறுக்கி, அது நசுங்கிய அகலத்தைப் பார்த்து இடைவெளியை அளக்கலாம்.

மாற்றும்போது மூன்று எச்சரிக்கைகள். மூடிகளை இடம் மாற்றிப் போடக் கூடாது. எந்த ராடின் மூடியோ அதற்கே போட வேண்டும். ராடிலும் கிராங்கிலும் அளவு எண்கள் பொறிக்கப்பட்டிருந்தால் அவற்றுக்கு ஏற்ற தகட்டையே வாங்க வேண்டும். போல்ட்டுகளைக் கைவாக்கில் இறுக்காமல், கையேட்டில் உள்ள அளவுப்படி டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். சுத்தத்தில் சமரசம் செய்கிற பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பேரிங் தகடுகளின் விலையும் கூலியும் சேர்ந்து ஒரு செலவுதான். ஆனால் தகடு தேய்ந்து கிராங்கைக் கடித்துவிட்டால், எஞ்சினை இறக்க வேண்டும். கிராங்கைச் சாணை பிடிக்க வேண்டும். சில வேளை ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்துவிடும். பழைய எஞ்சின்களுக்கு நல்ல கிராங்க் கிடைப்பதே இப்போது அரிது. முதல் செலவு விருப்பம். இரண்டாவது செலவு கட்டாயம்.

சத்தத்தை மறைப்பது

கடைசியாக, கொஞ்சம் கசப்பான ஒரு செய்தி. டீசல் எஞ்சினுக்கு இயல்பாகவே தடதடப்பு உண்டு. பேரிங் தட்டல் அதற்குள் ஒளிந்துகொள்ளும். அது தனியாகக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டால் தேய்மானம் முற்றிவிட்டது. அந்த நிலையில் மிகக் கெட்டியான எண்ணெயையோ, கெட்டியாக்கும் மருந்தையோ ஊற்றினால் சத்தம் சில நாள்களுக்கு அடங்கும். நோய் தீர்ந்துவிடவில்லை. நோயாளியின் வாயைக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சிலர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ள இதைச் செய்கிறார்கள். வேறு சிலர் வண்டியை விற்பதற்காகச் செய்கிறார்கள். அந்த வண்டியைச் சேமிப்பையெல்லாம் போட்டு வாங்குபவர், நாம் முதலில் பார்த்த குத்தகையாளரைப் போன்ற ஒருவராகத்தான் இருப்பார். ஆள்களை ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் இறங்கும்போது எஞ்சின் இறுகிவிட்டால், பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைச் சக்தி போய்விடும். அப்போது போவது பணம் மட்டுமாக இருக்காது.

பழைய டீசல் வண்டி வாங்கப் போகிறவர்கள் இவற்றைச் செய்யுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். எண்ணெய் அளவுகோலை உருவி, விரலில் தொட்டுப் பாருங்கள். தேன் போல இழுபட்டால் சந்தேகப்படுங்கள். சூடான பிறகு ஆக்ஸிலேட்டரை மெதுவாக ஏற்றி, சட்டென்று விடுங்கள். விடும் அந்தக் கணத்தில் அடியிலிருந்து தட்டல் கேட்கிறதா என்று காது கொடுங்கள். சூடான எஞ்சினில் அழுத்தமானி வைத்துப் பார்க்க உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்றால், நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லியே விற்கலாம். விலை கொஞ்சம் குறையும். வாங்குபவர் வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதைவிட நல்ல வியாபாரம் வேறு இல்லை.

நேயர்களே, அந்தக் குத்தகையாளரின் பதிலை மறுபடி நினைத்துப் பாருங்கள். 'நல்ல கெட்டியான எண்ணெய்தான்' என்றார் அவர். அவர் அக்கறை இல்லாதவர் அல்ல. காசு செலவழித்து எண்ணெய் வாங்கியவர்தான். கெட்டித் தன்மையைப் பார்த்தார், நாளைப் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்கக் காத்திருந்தார். சத்தம் வருவதற்கு முன்பே பார்க்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் வண்டியின் கதவைத் திறந்து, கடைசியாக எண்ணெய் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுதிய அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், இந்த வாரமே எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றிவிட்டு, அந்த அட்டையை எழுதித் தொங்கவிடுங்கள். அந்த அட்டைக்குச் செலவு இல்லை. ஒரு பழைய வண்டியின் ஆயுள் அதிலிருந்துதான் தொடங்குகிறது.